யூதப் பண்டிகைகளை அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே எப்படிக் கொண்டாடுவது?

இஸ்ரேலில், ஹைஃபாவில் ஒரு வயதான பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். பண்டிகையெல்லாம் அவர் அடுப்படியில்தான் பழகினேன். நான் பார்த்தவரை மதச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். மிச்சம் கடைக்காரர்கள் சேர்த்தது.

விளக்குப் பண்டிகையான ஹனுக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இரவுகள், இரவுக்கு ஒரு சுடர் கூடும். ஒவ்வோர் இரவும் மற்றவற்றை ஏற்றும் ஷமாஷ் என்ற தனி விளக்கையும் சேர்த்தால் மொத்தம் 44 மெழுகுவத்தி. ஆனால் அடிப்படைக் கடமை வீட்டுக்கு ஓர் இரவுக்கு ஒரு விளக்குதான் என்கிறது யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத். வெள்ளி விளக்கெல்லாம் வேண்டாம். பலகையில் எட்டு இரும்பு நட்டுகளை ஒரே வரிசையில் ஒட்டுங்கள். ஷமாஷுக்கு மட்டும் இரண்டு மூன்று நட்டுகளை அடுக்கி உயர்த்துங்கள். (பிளாஸ்டிக் மூடி வேண்டாம், உருகிவிடும்.) பாட்டி மெழுகுவத்தியே வாங்குவதில்லை. சின்னக் கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர், மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், மிதக்கும் திரி. அரை மணி நேரம் எரிந்தால் போதும், அதனால் எண்ணெய் கையைக் கடிக்காது.

ஹனுக்காவுக்குத் தின்னும் ஜாம் வைத்துப் பொரித்த பன்னான சுஃப்கானியாவுக்கு பேக்கரியில் சொல்லும் விலையைக் கேட்டால் பசி போய்விடும். உருளைக்கிழங்கு அடையான லெவிவோத் அதற்கு எவ்வளவோ மேல். கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள். பிழிந்த நீரை உடனே கொட்டாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளையாக மாவு படியும். நீரை இறுத்துவிட்டு அதை வழித்துத் துருவலோடு சேர்த்தால் கோதுமை மாவு அதிகம் தேவைப்படாது. அப்புறம் முட்டை, உப்பு, மிளகு. தட்டையாகப் போட்டுப் பொரிக்க வேண்டியதுதான்.

சுக்கோத் பண்டிகைக்கு வெளியே ஒரு தற்காலிகக் குடில் போடுவார்கள். அதன் கூரை மண்ணில் முளைத்து வெட்டியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈச்ச ஓலை போதும். சுவருக்குப் பழைய போர்வையை, காற்றில் ஆடாதபடி இழுத்துக் கட்டலாம். தோரணம் பிள்ளைகள் பொறுப்பு.

சிக்கனம் சுலபத்தில் நடக்காத இடம் பெசாக். அந்தப் பண்டிகை முழுக்கப் புளித்த மாவுப் பண்டம் கூடாது. அதற்கான புளிக்காத ரொட்டியான மட்ஸாவை வீட்டில் சுடுவது லேசில்லை. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் புளித்ததாகக் கணக்கு. அதை வாங்கிவிடுங்கள். பெசாக்குக்கு ஏற்றது என்று முத்திரை குத்திய பிஸ்கட், கேக் பக்கம் மட்டும் போகாதீர்கள். முட்டை, உருளைக்கிழங்கு, காய்கறியில் ஏழு நாளும் ஓட்டலாம். ஈராக்கிலிருந்து வந்த குடும்பங்கள் அரிசியும் சாப்பிடும். ஐரோப்பிய வழி வந்த எங்கள் பாட்டி தொடமாட்டார்.

பூரிம் பண்டிகையில் ஒருவருக்காவது இரண்டு தின்பண்டமும், இரண்டு ஏழைகளுக்கு உதவியும் தந்தால் கடமை முடிந்தது. ஊர் முழுக்க அலங்காரக் கூடை அனுப்ப வேண்டியதில்லை. விருந்தையும் கூடையையும்விட ஏழைக்குக் கூடுதலாகக் கொடு என்று பழைய யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸே எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு வசதி: பூரிம் முடிந்து ஒரு மாதத்தில் பெசாக் வரும், அதற்குள் வீட்டில் உள்ள கோதுமை மாவைத் தீர்த்தாக வேண்டும். அந்த மாவிலேயே பேரீச்சம்பழம் வைத்த முக்கோண பிஸ்கட் சுட்டு, பழைய ஜாம் பாட்டிலில் அடுக்கி, ஒரு ஆரஞ்சோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம்.