நர்சம்மா பதில்கள்: இரண்டாவது ஊசிக்கு வர மறுக்கிறார்களே?

கேள்வி: எங்கள் ஊர் மகளிர் குழுவில் பொறுப்பில் இருக்கிறேன். ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு வருகிற தாய்மார்கள், ஒன்றரை வயது ஊசிக்கு வர மறுக்கிறார்கள். வாட்ஸ்அப் வதந்திகள் ஒரு பக்கம். "அம்மன் வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்கிற பெரியவர்கள் ஒரு பக்கம். எப்படிப் பேசுவது?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: தாயிடம் மட்டும் பேசி நிறுத்திவிடாதீர்கள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில், புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் வீட்டு அப்பத்தாதான். ஒரு அப்பத்தா என்னிடம், "எங்களுக்கெல்லாம் மணல்வாரி வந்து போகலையா?" என்று கேட்டார். தட்டம்மையைத்தான் மணல்வாரி என்றார். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, அப்பத்தா?" என்றேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "சின்னவ ஒருத்தி... மணல்வாரி இறங்கினப்புறம் நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டா." அந்தப் புதன்கிழமை பேரனை அவரே தூக்கி வந்தார். தட்டம்மை கண்ட குழந்தைகளின் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதன் பின்னால் வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான். பெரியவர்கள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள், கேட்டால் சொல்வார்கள்.

அம்மன் பேச்சுக்கு எதிர்வாதம் வேண்டாம். வேப்பிலை செருகட்டும், தாளிக்காமல் சமைக்கட்டும். ஆனால் உடம்பில் தடிப்போடு காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியே ஆக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள். அது கண்ணையும் உயிரையும் காக்கும். போவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும்.

சரி, "ஒரு ஊசி போதாதா?" ஒன்பதாம் மாதத்தில் போடும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளுக்கு மிச்சமிருக்கும், அது ஊசியை வேலை செய்யவிடாது. 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்கு முதல் ஊசி பிடிப்பதில்லை. யாருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தால் தெரியாது. அதற்காகத்தான் எல்லோருக்கும் இரண்டாவது.

மறுக்கிற தாய்மாரைக் கிளறிக் கேளுங்கள், பயம் காய்ச்சலாகத்தான் இருக்கும். ஒன்றரை வயதில் ஒரே நாளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியை வலது கையில் போடுவார்கள், தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸுக்கான டிபிடி ஊசியின் பூஸ்டரைத் தொடையில் போடுவார்கள். அன்றிரவே வரும் காய்ச்சலும் தொடை வீக்கமும் டிபிடியால் வருபவை. கையில் போட்ட ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். லேசான தடிப்பும் இருக்கலாம், ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டால் அந்தத் தாய் அடுத்த முறையும் உங்களை நம்புவாள். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினால் அதோடு சரி.

வதந்தி நமக்குப் புதிதல்ல. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் இந்த ஊசி போட்டபோது, பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. ஆட்டிசம் வரும் என்று 1998-ல் கிளப்பிவிட்ட லண்டன் கட்டுரையை அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. எழுதிய வேக்ஃபீல்டின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்தே நீக்கினார்கள். அப்புறம் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தும் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

"பெண் பிள்ளைக்குக் கருப்பை கெடும்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். இந்த ஊசியால் கருப்பைக்கு ஒன்றும் நேராது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால்தான் குழந்தை கண்புரையோடும், காது கேளாமலும், இதயக் கோளாறோடும் பிறக்கலாம். 1941-லேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்துச் சொன்னார். பிறவிக் கண்புரைக் குழந்தையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர்கள் இந்த ஊசியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் போடும் எம்எம்ஆர் வேறா? மூன்று வயது மகனுக்கு இரண்டாவது ஊசி விட்டுப்போய்விட்டது.
– வாசகர், சிவகாசி

பதில்: எம்எம்ஆரில் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு உண்டு. அரசு ஊசியில் தட்டம்மை, ரூபெல்லா மட்டும். எதைப் போட்டாலும் நல்லதே. விட்டுப்போன ஊசியை ஐந்து வயது வரை அரசு மையத்திலேயே இலவசமாகப் போடுவார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தாய் சேய் நல அட்டையோடு வருகிற புதன்கிழமையே கூட்டிப் போங்கள். லேசான சளி இருந்தாலும் போடலாம்.