ஆற்றல் பயன்பாடு குறைந்தது விதியாலா, தானாகவா?

கேள்வி: எங்கள் நகரில் பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் மின்சார, எரிவாயுப் பயன்பாட்டை வெளியிட வேண்டும் என்பது விதி. விதி வந்து மூன்றாண்டில் சதுர அடிக்கான பயன்பாடு இறங்கியிருக்கிறது. விதியின் வெற்றி என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: இப்போதே எழுதாதீர்கள். எல்இடி விளக்கும் புதிய ஏசியும் விதியே இல்லாத ஊர்களிலும்தான் வந்தன. உங்கள் விதி இல்லாவிட்டால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்பது தெரியாமல் வெற்றியை அளக்க முடியாது.

முதலில் தரவைச் சலியுங்கள். முதலாண்டுக் கணக்குகளில் தளப்பரப்பே தவறாக இருப்பது சகஜம். அதைப் பிறகு திருத்தினால், ஒரு யூனிட்கூட மிச்சமாகாமலே சேமிப்பு போலத் தெரியும். எல்லா ஆண்டும் கணக்குக் கொடுத்த கட்டடங்களை மட்டும் எடுங்கள். வெயில், குளிர், ஆளிருப்பு வேறுபாடுகளைச் சரிசெய்யுங்கள். 2020 கொரோனாவில் அலுவலகங்கள் காலியாகக் கிடந்த ஆண்டு. அதைச் சேர்த்தால் எந்த விதியும் ஜெயித்ததாகத்தான் காட்டும்.

அடுத்தது ஒப்பீடு. உங்கள் விதி போன்ற நியூயார்க்கின் 2009 வெளியீட்டுச் சட்டம் 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட தனியார் கட்டடங்களைப் பிடித்தது. 2016இல் வரம்பு 25,000 ஆனது. ஆய்வாளருக்கு இப்படிப்பட்ட வரம்பு ஒரு வரம். கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் உள்ள கட்டடங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி. விதி மட்டும்தான் வேறு. ஆனால் கோட்டுக்குக் கீழுள்ளவை கணக்கே கொடுப்பதில்லை. விதிக்கு முந்தைய ஆண்டுகளின் எண்களும் வெளியீட்டில் இருக்காது. இரண்டுக்கும் மின், எரிவாயு நிறுவனங்களின் பில் தரவுதான் வழி. முகவரியை மறைத்தாவது கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் மற்ற உத்திகளெல்லாம் ஒப்புக்குத்தான்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் இத்தகைய விதிகள் பற்றி 2017இல் தொகுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு ஆண்டில் 3 முதல் 8 சதவீதம் வரை குறைந்ததாகக் கூறுகின்றன. அவற்றிலும் பல, விதிக்கு உட்படாத கட்டடங்களோடு ஒப்பிடாமல், முன்னும் பின்னும் பார்த்ததோடு சரி. உங்களுக்கு இதைவிடப் பெரிய எண் வந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

கார்பன் உமிழ்வு தனிக் கணக்கு. ஊருக்கு மின்சாரம் தரும் மின்தொகுப்பில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடினால், கட்டடத்தில் யாரும் ஒன்றும் செய்யாமலே உமிழ்வு இறங்கும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கான உமிழ்வைத் தொடக்க ஆண்டின் அளவிலேயே நிறுத்தி ஒருமுறையும், அந்தந்த ஆண்டின் அளவில் இன்னொரு முறையும் கணக்கிடுங்கள். முதல் எண்தான் கட்டடங்களின் பங்கைச் சொல்லும்.

இடையில் வேறு சட்டம் வந்ததா என்றும் பாருங்கள். நியூயார்க் 2019இல் அபராதத்துடன் உமிழ்வு உச்சவரம்பு கொண்டுவந்தது. அமலானது 2024இல்தான் என்றாலும், சட்டம் நிறைவேறியதுமே உரிமையாளர்கள் தயாராகத் தொடங்கியிருக்கலாம். அதன் பிறகான சேமிப்பை வெளியீட்டு விதியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

இந்த ஆண்டு அறிக்கைக்கு, “தொடர்ந்து கணக்குக் கொடுத்த கட்டடங்களில் பயன்பாடு குறைந்துள்ளது, விதியின் பங்கு ஆராயப்படுகிறது” என்ற வாசகம் போதும். பில் தரவுக்கான கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.