கேட்டதும் சொன்னதும்: அந்தப் பெட்டியை யார் தூக்குவது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரீன் நதியில் மாணவர்களோடு கேனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் போனதைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறாள். அவளும் உடன் படிக்கும் ஒன்பது பேரும் அதே கிரீன் நதியில், லேபிரிந்த் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு வழியாக ஐந்து நாள் கேனூப் பயணம் போகிறார்களாம். இரவில் ஆற்றங்கரையில் கூடாரம். அவளுக்கு நீச்சல் தெரியாது. அனுப்பலாமா?
– ஒரு தந்தை

ஐயா, உங்கள் மகள் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்லியிருக்கிறாள். அதுவே பெரிய விஷயம். நான் முதல் முறை போனபோது வீட்டுக்குச் சொன்னது திரும்பி வந்த பிறகுதான்.

பாலைவனம், பள்ளத்தாக்கு, ஆறு என்ற மூன்று சொற்களும் ஒன்றாக வந்தால் நுரை பொங்கும் வெள்ளமும் பாறையில் மோதும் படகும்தான் கண்முன் வரும். இந்த ஆறு அப்படியல்ல. கிரீன் ரிவர் என்ற சிற்றூரிலிருந்து மினரல் பாட்டம் என்ற கரை வரை சுமார் 68 மைல், அதாவது 110 கிலோமீட்டர். பயப்படும்படி நீர் சீறிப் பாயும் இடம் வழியில் ஒன்றும் இல்லை. சீற்றமெல்லாம் இந்த நதி கொலராடோ நதியுடன் கலந்த பிறகு, கேட்டராக்ட் கேன்யனில்தான். அந்தச் சங்கமத்துக்கு 52 மைல் முன்பாகவே உங்கள் மகள் கரையேறிவிடுவாள்.

அதற்காக, நீச்சல் தெரியாததை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆளுக்கொரு மிதவை அங்கி படகில் இருக்க வேண்டும் என்பது விதி. அது உடம்பில் இருக்க வேண்டும் என்பது புத்தி. பகல் வெயிலில் பிள்ளைகள் அதைக் கழற்றி அடியில் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நானே எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். அவளிடம் இதைக் கேளுங்கள்: அங்கியைக் கழற்றாமல் இருப்பாளா? நீச்சல் தெரியாது என்பதைக் குழுவின் பொறுப்பாளரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட்டாளா? எந்த மாதம் போகிறார்கள்? மே கடைசியிலும் ஜூனிலும் மலைப்பனி உருகி ஆறு பெருகும். நீர் சில்லிட்டிருக்கும், கூடாரம் போடும் மணல் திட்டுகள் மூழ்கிவிடும், போதாததற்குக் கொசு. ஜூலை பாதியிலிருந்து இடிமழைக் காலம். எங்கோ பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே கிளைப் பள்ளத்தாக்கு வழியாகச் சேற்று வெள்ளமாக வந்து இறங்கும். அதனால் கிளைப் பள்ளத்தாக்கின் வாயில் கூடாரம் போடவே கூடாது. செப்டம்பர் கடைசி என்று சொன்னாளானால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆற்றிலேயே போகிறவர்கள் எதற்காகத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போக வேண்டும்?
– கல்லூரி மாணவர்

முதல் முறை போனபோது இதே கேள்வியை நானும் கேட்டேன். எங்கள் பொறுப்பாளர் பதில் சொல்லவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் ஆற்று நீரை மொண்டு என் கையில் கொடுத்தார். பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே ஒரு விரற்கடை மட்டும் தெளிந்திருந்தது, அவ்வளவுதான். கிரீன் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. மணற்கல்லையும் களிமண்ணையும் அரைத்துக்கொண்டு வருகிற ஆறு அது. வடிகட்டிக் கருவியில் நேரே ஊற்றினால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும்.

வழி இல்லாமல் இல்லை. வாளியில் மொண்டு, கொஞ்சம் படிகாரத் தூளைப் போட்டுக் கலக்கி வைத்தால் வண்டல் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும். படிகாரம் தெளியத்தான் வைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த நீரை அலுங்காமல் இறுத்து, வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடிக்க வேண்டும். வெயிலில் துடுப்புப் போட்ட பத்துப் பேருக்கு இதை மூன்று வேளையும் செய்து பாருங்கள்! அதனால்தான் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு ஊரிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். பத்துப் பேர், ஐந்து நாள்: 200 லிட்டர், 200 கிலோ. ஐந்து படகுக்குப் பங்கிட்டால் படகுக்கு 40 கிலோ. அந்த எடையைப் படகின் நடுவில் தாழ வைத்தால் படகு ஆடாமல் போகும் என்பது கூடுதல் லாபம்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஐந்து நாள்… கழிப்பறைக்கு என்ன செய்வீர்கள்?
– பெயர் வேண்டாம்

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. மற்ற கடிதங்களிலும் வரிகளுக்கிடையில் இந்தக் கேள்விதான் ஒளிந்திருந்தது.

திடக்கழிவு முழுவதையும் ஒரு பெட்டியில் சேர்த்து, படகில் ஏற்றி, கடைசிவரை சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். பயண அனுமதிச் சீட்டு இலவசம். ஆனால் கையோடு கொண்டுபோகும் கழிப்பறை, தீ மூட்டத் தட்டு, மிதவை அங்கி ஆகியவை இல்லாமல் போகக் கூடாது. தீ மூட்டுவதும் அந்தத் தட்டில்தான்; சாம்பலும் திரும்பி வர வேண்டும். மண்ணில் புதைத்தால் என்ன என்று கேட்பீர்கள். மழை குறைந்த பாலைவனத்தில் எதுவும் எளிதில் மட்காது. அத்தோடு, கூடாரம் போட இடமுள்ள திட்டுகள் கொஞ்சம்தான். நேற்று ஒரு குழு தங்கிய இடத்தில்தான் இன்று நாம் தங்குவோம்.

அந்தக் காலத்தில் ராணுவத் தோட்டாப் பெட்டியைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். இருக்கை கிடையாது, அதன் விளிம்பு தொடையில் இரண்டு பள்ளம் பதித்துவிடும். அதனால் ஆற்றுப் பயணிகள் அதற்கு ‘குரூவர்’ என்று பெயர் வைத்தார்கள், பள்ளம் பதிப்பது என்ற பொருளில். இப்போது இருக்கை வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. சிறுநீர் இதில் சேரக் கூடாது, அது ஆற்றுக்கு. கேட்க ஒருமாதிரி இருக்கும். ஆனால் பெட்டி வழியாமலும் நாறாமலும் இருப்பது இதனால்தான்.

முகாமில் முதலில் வைப்பதும் காலையில் கடைசியாகக் கட்டுவதும் இந்தப் பெட்டியைத்தான். புதர் மறைவில், எதிரே செம்பாறைச் சுவர் தெரிகிற மாதிரி, இருப்பதிலேயே நல்ல காட்சியுள்ள இடமாகப் பார்த்து வைப்பது ஆற்றுக்காரர்களின் வழக்கம். கதவு இல்லையே? பாதை தொடங்கும் இடத்தில் ஒரு துடுப்பை நட்டு வைப்போம். போகிறவர் துடுப்பையும் கையோடு எடுத்துப் போவார். துடுப்பு நின்றால் காலி. காணோம் என்றால் காத்திருக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாணவர் துடுப்பைத் திரும்ப நட மறந்து கூடாரத்துக்குள் படுத்துவிட்டார். வரிசையில் நின்ற ஆறு பேர் அவருக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

இப்போது முக்கியமான செய்தி. அந்தப் பெட்டியை யார் தூக்குவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன், முதல் முறை மாணவியாக, பிறகு இரு முறை பொறுப்பாளராக. மூன்றிலும் சண்டை வந்தது வழியைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ அல்ல. இந்தப் பெட்டியைப் பற்றித்தான். இரண்டாம் முறை, இரண்டு நாள் ஒரே மாணவிதான் வாய் திறக்காமல் தூக்கினாள். மூன்றாம் நாள் காலையில் மணலில் உட்கார்ந்துகொண்டு, “இன்று நான் வெறும் பயணி” என்றாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் முறைப்பட்டியல் எழுதினோம். என் பெயர் முதலில்.

ஆறுதான் இழுத்துக்கொண்டு போகிறதே, துடுப்பு எதற்கு? உங்கள் கட்டுரையில் உள்ளங்கைக் கொப்புளம் என்று எழுதியிருந்தீர்கள்.
– ஒரு வாசகர்

காற்று. நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாக, நமக்கு நேர் எதிரே கிளம்பும். துடுப்பை நிறுத்தினால் படகு ஆற்றோடு போகாமல் காற்றோடு பின்னால் போகும். விடியற்காலையில் எழுந்து, நண்பகலுக்குள் அன்றைய தூரத்தை முடிப்பதுதான் வழி. மாணவர் கூட்டத்தை விடியற்காலையில் எழுப்பிப் பாருங்கள், தெரியும். ஓர் இரவு, கவிழ்த்துக் கட்டாமல் விட்ட காலிப் படகைக் காற்று மணலில் உருட்டிக்கொண்டு போயிற்று. அலுமினியச் சத்தம் கேட்டு எழுந்து, நெற்றி விளக்கோடு பத்துப் பேர் ஓடினோம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. போநாட் பெண்ட் என்ற வளைவில் ஆறு சுமார் 7 மைல் சுற்றி, புறப்பட்ட இடத்துக்குக் கால் மைல் தூரத்துக்கே திரும்பி வருகிறது. இடையில் இருப்பது ஒரு பாறை முகடு. எதிர்காற்றில் நாங்கள் ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் அதைச் சுற்றினோம். அதற்கு முன் முகட்டின் மேல் ஏறிப் பார்த்திருந்தோம்: இடப்பக்கம் காலையில் நாங்கள் வந்த ஆறு, வலப்பக்கம் மாலையில் போகப்போகிற ஆறு, நடுவில் நாங்கள். மேலே நின்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். மாலையில் மறுபக்கம் வந்து சேர்ந்து, அதே முகட்டைக் கீழிருந்து பார்த்தபோது யாரும் கைதட்டவில்லை.

ஒரு கையை இழந்தவர் ஒருவர் இந்த ஆற்றில் முதலில் போனாராமே?
– ஆசிரியர் ஒருவர்

ஜான் வெஸ்லி பவல். 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டையில் வலக்கையை இழந்தவர். 1869 மே 24 அன்று, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள வயோமிங்கிலிருந்து நான்கு படகுகளில் பத்துப் பேராகப் புறப்பட்டு, ஜூலையில் இந்தப் பகுதியைக் கடந்தார்கள். லேபிரிந்த் என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான். கிராண்ட் கேன்யனையும் தாண்டி ஆகஸ்ட் 30இல் கரையேறியபோது ஆறு பேர்தான் மிச்சம்.

ஆனால் அவருக்கும் முன்னால் ஐரோப்பிய வம்சாவளியினர் வந்திருக்கிறார்கள். தோல் வேட்டைக்காரரான டெனிஸ் ஜூலியன் இந்த ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கான ஹெல் ரோரிங் கேன்யனில் தன் பெயரையும் 1836 என்ற ஆண்டையும் பாறையில் செதுக்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு படகு, அதில் பாய்மரம் போல ஒரு கம்பம். நான் மேலே திட்டித் தீர்த்த அதே காற்றைப் பிடித்து அவர் ஆற்றை எதிர்த்து மேலே போனார் என்று ஊகிப்பவர்கள் உண்டு. அந்தக் காற்றோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில் நான் நம்புகிறேன். அதைப் பார்த்ததும் தன் பெயரையும் எழுதக் கல்லைத் தேடுகிற மாணவர் குழுவுக்கு ஒருவராவது இருப்பார். கையைத் தட்டிவிடுங்கள்.

பாம்பு? செல்போன்?
– இரண்டு கடிதங்கள்

பாம்பு உண்டு, கைவைக்கும் இடத்தையும் கால்வைக்கும் இடத்தையும் பார்த்து வையுங்கள். செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருக்கட்டும்.

பின்குறிப்பு: மகளுக்கு நான் ஏதாவது வாங்கி அனுப்ப நினைக்கிறேன். என்ன வாங்கலாம்?
– முதல் கடிதம் எழுதிய அதே தந்தை

செருப்பு வேண்டாம். கரையில் காலை வைத்ததும் வண்டல் முழங்கால் வரை இழுக்கும். காலை உருவினால் கால் மட்டும்தான் வெளியே வரும். என் இடது செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கயிறு கட்டுகிற பழைய ஷூ ஒரு ஜோடி அவளிடமே இருக்கும். பணத்தை நீங்களே வைத்துக்கொண்டு, கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடச் சொல்லுங்கள்.