உலோக பிஸ்டலா, பாலிமரா? பதினோரு மணி நேரம் இடுப்பில் கிடக்கப்போவது எது?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 54, கிரீன் கார்டு இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு, அன்றைய வசூலோடு தனியாகக் கார் வரை நடக்க வேண்டும். சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்க நினைக்கிறேன். இதுதான் முதல் துப்பாக்கி. நண்பர் தன் ஸ்டீல் சீஸெட் 75 காம்பாக்ட்டைக் காட்டி, "இரும்பு இரும்புதான், பிளாஸ்டிக்கை நம்பாதே" என்கிறார். துப்பாக்கிக் கடைக்காரர் பாலிமர் சிக் பி365-ஐ எடுத்து நீட்டுகிறார். எனக்கு வலது மணிக்கட்டில் பழைய வலி வேறு உண்டு. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதும் சரி, கடைக்காரர் சொல்வதும் சரி. நண்பர், துப்பாக்கி சுடும் இடத்தில் கழிக்கிற ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துப் பேசுகிறார். கடைக்காரர் அதற்கு வெளியே, அது உங்கள் இடுப்பில் தொங்கும் பதினோரு மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் மணிக்கட்டு நண்பர் பக்கம் நிற்கும், இடுப்பு கடைக்காரர் பக்கம் நிற்கும். பஞ்சாயத்து அங்கேதான்.

எடையிலிருந்து தொடங்குவோம். பி365 காலி மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கும் கூடு) சுமார் 505 கிராம். சீஸெட் 75 காம்பாக்ட் சுமார் 920 கிராம். ஒரு 9 எம்எம் தோட்டா ஏறக்குறைய 12 கிராம் இருக்கும். பி365-இல் 11 தோட்டா போட்டால் 640 கிராம் அளவுக்கு வரும். சீஸெட்டில் 15 போட்டால் 1,100-ஐத் தொடும். வித்தியாசம் கிட்டத்தட்ட அரை கிலோ. கவுண்டரில் கையில் வாங்கிப் பார்க்கும்போது அரை கிலோ பெரிதாகத் தெரியாது. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். கடையில்தான் அரிசி இருக்கிறதே, 1,100 கிராம் நிறுத்து ஒரு சிறு பையில் கட்டி, பெல்ட்டின் வலது பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஒரு முழு நாள் கடையில் இருங்கள். மறுநாள் 640 கிராம். பலருக்கு முதல் நாளே சாயங்காலம் நாலு மணிக்குள் பதில் கிடைத்துவிடும்.

சரி, கனமான துப்பாக்கியால் என்ன லாபம்? உதைப்பு. 8 கிராம் குண்டு நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் 2.8 கிலோகிராம்-மீட்டர்/நொடி உந்தம் பின்னால் வந்தாக வேண்டும். துப்பாக்கி எதுவானாலும் அந்த உந்தம் அதே அளவுதான். ஆனால் அந்த உந்தத்தை வாங்கும் பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு மெதுவாகப் பின்னேறும். குண்டை மட்டும் கணக்கில் எடுத்தால் 640 கிராம் பிஸ்டல் உங்கள் கைக்குத் தரும் உதைப்பு ஆற்றல் 6 ஜூலுக்குச் சற்று மேல். 1,100 கிராமில் அது மூன்றரை ஜூல். வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் இரண்டும் கூடும், விகிதம் மாறாது. மணிக்கட்டு வலிக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. ஐம்பது தோட்டா சுட்டதும் கை வலித்தால், அடுத்த மாதம் பயிற்சிக்குப் போக மாட்டீர்கள். இன்னொன்று, லேசான பிஸ்டலைத் தளர்வாகப் பிடித்தால் கையும் சேர்ந்து பின்னே போய்விடும். ஒவ்வொரு சூட்டிலும் பின்னே போய் வரும் மேல்பகுதியான ஸ்லைடு முழுதாக ஓடாமல் நடுவில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு கூடும். கனமான துப்பாக்கி இந்தத் தப்பை ஓரளவு மன்னிக்கும்.

நண்பரின் "பிளாஸ்டிக்" பயத்துக்கு மட்டும் நான் இடம் தர மாட்டேன். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970-லேயே பாலிமர் ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) விபி70 பிஸ்டலைக் கொண்டுவந்துவிட்டது. ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் க்ளாக் 17-ஐ ஏற்றுக்கொண்டது. அப்புறம் உலகெங்கும் போலீஸ் இடுப்புகளில் இருப்பது பெரும்பாலும் பாலிமர்தான். "ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரியாது" என்று எண்பதுகளில் ஒரு புரளி ஓடியது. ஆனால் ஃபிரேம்தான் பாலிமர், குழலும் ஸ்லைடும் ஸ்டீல். ஸ்லைடு ஓடும் தண்டவாளம் கூட ஃபிரேமுக்குள் பதித்த ஸ்டீல்தான். பி365-இல் ட்ரிகர் பொறிமுறை முழுவதும் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூட்டுக்குள் இருக்கிறது. சட்டப்படி துப்பாக்கி என்பதே வரிசை எண் பொறித்த அந்தக் கூடுதான். நீங்கள் பிளாஸ்டிக் என்று பிடிப்பது கழற்றி மாட்டக்கூடிய ஒரு உறை மாதிரி.

"உலோகம்" என்று ஒரே சொல்லில் சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஸ்டீல் ஃபிரேம் வேறு, அலுமினியக் கலவை ஃபிரேம் வேறு. அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். நண்பரின் பிஸ்டலுக்கு அதே குடும்பத்தில் அலுமினியத் தங்கை ஒன்று உண்டு: சீஸெட் பி-01, சுமார் 790 கிராம். ஸ்மித் அண்ட் வெஸன் 2022-இல் வெளியிட்ட சிஎஸ்எக்ஸ் என்ற குட்டிப் பிஸ்டல் அலுமினிய ஃபிரேமோடும் 550 கிராம் அளவில்தான் இருக்கிறது. ஆக, உலோகம் என்றாலே கனம் என்ற கணக்கு இப்போது முழுக்க எடுபடாது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஃபிரேம் எதனால் ஆனது என்பதை விட, ட்ரிகர் எந்த வகை, ஸ்லைடை உங்களால் இழுக்க முடிகிறதா என்பவைதான் உங்கள் விஷயத்தில் முடிவு சொல்லும்.

நண்பரின் சீஸெட் 75 காம்பாக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேமர், அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல், உள்ள பிஸ்டல் அது. சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) வைத்த மாடலில், ஹேமரைச் சுடாமல் இறக்கும் டீகாக்கர் கிடையாது. தோட்டா ஏற்றியதும் ஹேமர் பின்னால் நிற்கும். அதை அப்படியே சேஃப்டி போட்டு வைத்துக்கொள்ளலாம். இல்லை, கட்டை விரலால் ஹேமரைப் பிடித்தபடி ட்ரிகரை அழுத்தி, உள்ளே வெடிக்கக்கூடிய தோட்டா இருக்கும்போதே மெதுவாக இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். முதல் துப்பாக்கிக்காரரிடம் இந்த வேலையை நான் ஒருபோதும் கொடுக்க மாட்டேன். பி-01-இல் டீகாக்கர் நெம்புகோல் இருக்கிறது, அழுத்தினால் ஹேமர் தானே இறங்கிவிடும். அதற்குப் பிறகு முதல் சூடு நீளமான, கனமான இழுப்பு. ஹோல்ஸ்டரில் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) நுழைக்கும்போது கட்டை விரலை ஹேமர் மேல் வைத்துக்கொள்ளலாம், சட்டை நுனி ட்ரிகரில் சிக்கினால் ஹேமர் அசைவது விரலுக்குத் தெரிந்துவிடும். ஹேமர் பிஸ்டலின் உண்மையான லாபம் என்று நான் இதைத்தான் சொல்வேன். ஹேமர் இல்லாமல் உள்ளே இருக்கும் ஊசியே அடிக்கும் பி365 போன்ற ஸ்ட்ரைக்கர் பிஸ்டலில் இந்த எச்சரிக்கை கிடையாது. எல்லாச் சூடும் ஒரே மாதிரி இழுப்பு என்பதால் கற்றுக்கொள்வது எளிது. சேஃப்டி வைத்ததும் வைக்காததும் இரண்டும் கிடைக்கின்றன.

இப்போது உங்கள் மணிக்கட்டு. சீஸெட் பிஸ்டல்களில் ஸ்லைடு ஃபிரேமுக்குள் அமர்ந்து ஓடுகிறது. அதனால் கையால் பிடிக்க ஸ்லைடில் கிடைக்கும் இடம் குறைவு. ஹேமரை முதலில் பின்னுக்குத் தள்ளிவிட்டு இழுத்தால் கொஞ்சம் இளகும், இது பழைய வித்தை. பி365 குட்டியாக இருப்பதால் அதன் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா, கனமான உலோக பிஸ்டலை அழகாகச் சுட்டார். ஆனால் சிக்கிய தோட்டாவை வெளியேற்ற ஸ்லைடை மூன்று முறை இழுத்தும் வரவில்லை. நாலாவது முறை குழல் முனை பக்கத்திலிருந்தவர் பக்கம் திரும்பிவிட்டது, நான்தான் கையைப் பிடித்தேன். சுடுவது சுலபம், கையாள்வது கஷ்டம் என்றால் அது உங்கள் துப்பாக்கி இல்லை.

அதனால் கடைக்காரர் எடுத்துக் காட்டாத ஒன்றை நான் முதலில் காட்டுவேன்: ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி, 9 எம்எம். பாலிமர் ஃபிரேம், காலியாக 650 கிராம் சுமார், மேகசினில் 8 தோட்டா. ஸ்லைடு சுலபமாக வரவேண்டும் என்பதற்காகவே வடிவமைத்தது. உள்ளே மறைந்த ஹேமர் இருக்கிறது. பிடியின் பின்புறத்தில் ஒரு சேஃப்டி உண்டு, கை முழுதாகப் பற்றினால்தான் சுடும். பழையதாக வாங்கினால் ஒரு எச்சரிக்கை. 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரித்தவற்றை ஹேமர் கோளாறுக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. வரிசை எண்ணைக் கொடுத்து, சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உங்கள் இடுப்பு அரிசிப் பை சோதனையில் ஜெயித்து, கையும் ஒத்துழைத்தால் இரண்டாவதாக பி-01. நண்பரின் ஸ்டீல் பிஸ்டல் அருமையான துப்பாக்கி, அது அவரிடமே இருக்கட்டும்.

வாங்குமுன் சுட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் துப்பாக்கியை வாடகைக்குத் தரும் ரேஞ்சுகளுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடங்களுக்கு, பஞ்சமில்லை. சும்மா பத்துத் தோட்டா சுட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள டெக்சாஸ் தரும் லைசென்ஸுக்கான தேர்வு 50 தோட்டா: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஒவ்வொரு பிஸ்டலிலும் அதையே முழுதாகச் சுடுங்கள். மதிப்பெண்ணை விட, கடைசிப் பத்துத் தோட்டாவில் மணிக்கட்டு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

மறைப்பதைப் பற்றி. சட்டைக்கு மேல் புடைத்துக் காட்டிக்கொடுப்பது எடையும் இல்லை, குழல் நீளமும் இல்லை, பிடியின் நீளம்தான். குழல் பேன்ட்டுக்குள் போய்விடும், பிடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நேராக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கீழ்த்தட்டில் பருப்புப் பாக்கெட் எடுக்கக் குனியும்போது பின்னிடுப்பில் கூடாரம் அடித்தது போல் நிற்கும். மளிகைக் கடைக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிகிறார் என்று எண்ணிப் பாருங்கள்! முன்பக்கம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் தொப்பை இருந்தால் உட்காரும்போது குத்தும். எந்த இடமானாலும் ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரும், வளையாத தடித்த பெல்ட்டும் வேண்டும். சாதாரண பெல்ட்டில் 640 கிராம் தொங்குவதை விட, நல்ல பெல்ட்டில் 950 கிராம் சுகமாக இருக்கும்.

ஹூஸ்டன் வியர்வையை மறக்க வேண்டாம். என் பழைய ஸ்டீல் பிஸ்டல் ஒன்றில், ஆகஸ்ட் மாதம் இரண்டு வாரம் துடைக்காமல் விட்டதில், உடம்போடு ஒட்டியிருந்த பக்கம் மட்டும் செந்நிறப் புள்ளி விழுந்துவிட்டது. பாலிமர் ஃபிரேமும், பூச்சு தேயாத அலுமினியமும் இந்த வகையில் தொல்லை தராது. ஆனால் பாலிமர் பிஸ்டலிலும் ஸ்லைடு, குழல், மேகசின், திருகு எல்லாம் உலோகம்தான். வாரம் ஒரு முறை எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது இரண்டுக்கும் பொது.

சட்டம் சுருக்கமாக. கிரீன் கார்டு இருப்பதால் நீங்கள் வாங்கலாம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, மத்திய சட்டம் தடை போடுகிறது. உங்கள் கடையில் அப்படி யாராவது வேலை பார்த்தால் அவர் கையில் இதைக் கொடுத்துவிடாதீர்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் லைசென்ஸ் எடுங்கள். பள்ளிக்கு ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதைத் தடுக்கும் மத்திய சட்டத்தில், மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அந்த மாநிலத்துக்குள் விலக்கு இருக்கிறது. கார் எந்தப் பள்ளியையும் தாண்டாமல் வீட்டுக்குப் போகுமா என்ன? வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற எண்ணோடு பலகை இருந்தால் அது எதைத் தடுக்கிறது என்று படித்துவிட்டு உள்ளே போங்கள். கோயிலோ சர்ச்சோ கூட அப்படிப் பலகை வைக்கலாம். அங்கேயே குடிக்கும் மது விற்பனையே முக்கிய வருமானமாக உள்ள இடத்தில் 51 என்ற சிவப்பு எண் தொங்கும். அங்கே லைசென்ஸ் இருந்தாலும் கூடாது.

ஒரு யோசனை இலவசமாக. வசூலைக் கடைக்குள் பெட்டகத்தில் போட்டுவிட்டுப் பகலில் வங்கிக்கு எடுத்துப் போனால், இரவு பத்து மணிக்குக் கையில் பணப்பை இருக்காது. அதை முதலில் செய்யுங்கள். துப்பாக்கிக்கு வைத்திருக்கும் காசில் கொஞ்சம் எடுத்து, வீட்டுக்கு விரல் ரேகையிலோ எண்ணிலோ திறக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள். அஜாக்கிரதையாக வைத்த, தோட்டா ஏற்றிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் அதுவே வைத்தவர் செய்த குற்றம். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறக்கிற பழக்கம் வரட்டும். ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி அப்படியே உள்ளே வையுங்கள், ட்ரிகர் மூடியபடியே இருக்கும்.