பழவேற்காடு ஏரி: பறவைக்கா, வலைக்கா? – கேள்வி பதில்

சென்னைக்கு வடக்கே, தமிழக–ஆந்திர எல்லையில் கடலை ஒட்டியிருக்கும் பழவேற்காடு ஏரியைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மற்றவற்றுக்கு என் பதில்கள் கீழே.

சரணாலயம் என்று அறிவித்துவிட்டு மீன்பிடிக்கவும் விடுவது ஏன் சார்? மொத்தமாகத் தடை போட்டால் பறவைகளுக்கு நல்லதுதானே? (கல்லூரி மாணவி, கோவை)

ஆந்திரப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்தது 1976-இல், தமிழகப் பகுதியை 1980-இல். வலை வீசும் குப்பங்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தையவை. அது இருக்கட்டும், பூநாரை (ஃபிளமிங்கோ) எங்கே மேய்கிறது என்று பாருங்கள். முழங்கால்கூட நனையாத சேற்றுத் தண்ணீரில் அலகைத் தலைகீழாக வைத்து, பாசியையும் பொடி உயிர்களையும் சலித்துத் தின்கிறது. இறாலுக்குச் சுத்துவலை (கம்பு நட்டுக் கட்டும் வலை) கட்டுவதோ, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய ஓட்டமுள்ள இடங்களில். கூழைக்கடா (பெலிக்கன்) மீனில் பங்குக்கு வரும், உண்மைதான். அதற்காக அதை யாரும் விரோதியாகப் பார்ப்பதில்லை.

இரு தரப்புக்கும் பொதுவான ஆபத்து முகத்துவாரம் மண் மூடுவது. மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் விரியும் ஏரி, கோடையில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். அந்த நேரத்தில் கடல்நீர் உள்ளே வரவும் வழியில்லை என்றால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அப்புறம் மீனும் இல்லை, பறவையும் இல்லை.

‘பாடு’ முறை என்கிறார்களே, அது என்ன அண்ணா?

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளரும், ஓரளவு பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்பும். பெரும்பாலும் இரவில், வத்தத்தோடு (நீர் கடலுக்கு வடியும் நேரம்) சேர்ந்து வெளியேறும். அந்த ஓட்டத்தை மறித்துக் கம்பு நட்டு வலை கட்டுவதுதான் சுத்துவலை. நல்ல இடங்கள் கொஞ்சம்தான், ஆள் நிறைய. ஆளாளுக்குப் போய்க் கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்துக்கொண்டன. தலைக்கட்டு (குடும்பத் தலைவர்) பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முடிவாகும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். வலைகளின் எண்ணிக்கை கட்டுக்குள் நிற்பது இதனால் வரும் இன்னொரு லாபம்.

பாடு முறையைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலைப் பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடும் இருளர் பழங்குடிப் பெண்களும் இந்த ஏரியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர்களுக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை. பாதுகாப்புத் திட்டம் போடுகிறவர்கள் இவர்களிடமிருந்து தொடங்கினால் தேவலை.

இறால் பண்ணை வைக்கலாமா? தரிசு நிலம்தானே கிடக்கிறது.

நினைத்த இடத்தில் வைத்துவிட முடியாது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் சிலிகா ஏரியையும் பழவேற்காட்டையும் பெயர் சொல்லியே, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் பாரம்பரிய முறை அல்லாத பண்ணைகளைத் தடுத்தது. பண்ணைக் கழிவு ஏரிக்கும் உப்பு நிலத்தடி நீருக்கும் போவதுதான் பிரச்சினை. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. எதைத் தொடங்குவதானாலும் அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

துறைமுகம் வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் பையன்களுக்கு வேலை யார் கொடுப்பது? (மீஞ்சூர்)

நியாயமான கோபம். எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கரையில் மணல், மொத்தக் கணக்கில், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். துறைமுகங்கள் இருக்கும் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வடக்கேதான் பழவேற்காடு இருக்கிறது. சரி, வேலைக் கணக்குக்கு வருவோம். துறைமுகத்தில் வேலை கிடைப்பது பெரும்பாலும் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பையனுக்கு. ஏரி கெட்டால் பிழைப்பு போவது நண்டு விற்கும் அவன் பாட்டிக்கு. இரண்டையும் ஒரே வரவு செலவில் எழுதி ‘லாபம்’ என்று காட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

முகத்துவாரத்தில் கல் கொட்டிச் சுவர் எழுப்பினால் தீர்ந்துவிடாதா?

வழி திறந்திருக்கும். மீனவர்களே பல வருடமாகக் கேட்டதுதான். வெறுமனே தூர்வாரினால் மறுபடி மண் மூடிவிடும். ஆனால் மேலே சொன்ன மணல் கணக்கு இந்தச் சுவருக்கும் பொருந்தும். தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்புச் செலவைத் திட்டத்திலேயே சேர்க்காவிட்டால் வடக்கே இருக்கும் ஊர்கள் தலையில்தான் விடியும்.

நண்டு வாங்கும்போது நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது?

பொடி நண்டையும் சினை நண்டையும் வாங்காதீர்கள். களி நண்டில் (சேற்று நண்டு) பெட்டை, முட்டை பொரிக்கக் கடலுக்குப் போக வேண்டும். வழியிலேயே பிடித்தால் அடுத்த வருடம் ஏது?

குடும்பத்தோடு படகில் போய்ப் பறவை பார்க்கலாமா?

கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை. ‘அண்ணே, ஒரே ஒரு ரவுண்டு’ என்று யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்குக் குறுக்கே போகிறது. குளிர்காலத்தில் காலையிலேயே போனால் சாலையோரமாக நின்றே பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கலாம். பைனாகுலர் எடுத்துப் போங்கள், டிரோன் வேண்டாம்.