பெருந்தமனியில் மறுபடியும் அறுவையா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 54. மூன்று வருடங்களுக்கு முன், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி கிழிந்து, இரவோடு இரவாக நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். இப்போது சி.டி. ஸ்கேனில் அதன் வளைவுப் பகுதியின் விட்டம் 5.6 செ.மீ. இருக்கிறது, மறுபடி அறுவை வேண்டும் என்கிறார்கள். முதலில் செய்தது சரியில்லையா? இன்னொன்றைத் தாங்குவாரா?

பதில்: முதல் அறுவையில் குறை என்று நினைக்க வேண்டாம். இதயத்திலிருந்து மேலேறும் பகுதி கிழிந்தால், மணிக்கு மணி உயிராபத்து கூடும். அதனால் கிழிசல் தொடங்கிய இடத்தை வெட்டியெடுத்து, அங்கே டாக்ரான் என்ற செயற்கைத் துணியாலான குழாயைத் தைப்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்கள். உயிரைக் காக்க அதுவே சரியான முடிவு. ஆனால் பிளவு முதுகுப்பக்கம் இறங்கி வயிறு வரை போயிருந்தால், அந்த மிச்சம் அப்படியே இருக்கும். சுவரின் அடுக்குகள் பிரிந்து உண்டான பொய்ப்பாதையில் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தால், மெலிந்த வெளிச்சுவர் மெல்ல மெல்ல விரியும். தையலோரக் கசிவு, வால்வு ஒழுகல், குழாயில் கிருமித்தொற்று ஆகியவற்றாலும் சிலருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது.

பொதுவாக விட்டம் 5.5 செ.மீ.யை எட்டினாலோ, ஒரே ஆண்டில் 0.5 செ.மீ. கூடினாலோ அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். மார்ஃபான் போன்ற பரம்பரைத் திசுக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் முன்பே. உங்கள் அண்ணன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்.

தாங்குவாரா என்பது பெரும்பாலும் எப்போது செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. அனுபவமுள்ள மையத்தில் திட்டமிட்டுச் செய்தால் 100 பேரில் ஏறத்தாழ 90 பேர் அல்லது அதற்கு மேல் பிழைக்கிறார்கள். வெடித்த பிறகு ஓடினால் அந்தக் கணக்கு செல்லாது. வயது, சிறுநீரகம், நுரையீரல் நிலையும் கணக்கில் சேரும்.

மறு அறுவையில் மிகவும் பயப்பட வேண்டிய கட்டம், நெஞ்செலும்பை மீண்டும் திறப்பது. பழைய குழாய் எலும்பின் பின்புறம் ஒட்டியிருந்தால், ரம்பம் பட்டதும் ரத்தம் பீறிடும். அதனால் இடைவெளியை முன்பே சி.டி.யில் அளந்து, தேவையானால் அக்குள் அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக இதய-நுரையீரல் இயந்திரத்தை இணைத்துவிட்டே திறப்பார்கள். வளைவை மாற்றும்போது உடலைக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்துவார்கள். மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் செலுத்தப்படும். இருந்தும் பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு ஏற்படலாம். முதுகுப்பக்கம் இறங்கும் பகுதிக்குள்ளும் ஸ்டென்ட் (கம்பிவலை) குழாய் வைத்தால், தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கும் அபாயம் சிறிதளவு உண்டு.

அறுவை நிபுணரிடம் மூன்றைக் கேளுங்கள்: இத்தகைய மறு அறுவைகளை இந்தக் குழு எத்தனை செய்திருக்கிறது? எந்தப் பகுதிவரை மாற்றப் போகிறீர்கள்? மிச்சத்துக்கு மூன்றாவது சிகிச்சை தேவைப்படுமா? முதல் அறுவையின் குறிப்பையும் பழைய ஸ்கேன் படங்களையும் கட்டாயம் கொண்டுபோங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஒரே இடத்தில் அளந்து ஒப்பிட படங்கள் வேண்டும்.

கேள்வி: அறுவை முடிந்தவர்கள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைத்திருங்கள். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மூச்சை அடக்கிப் பளு தூக்காதீர்கள், நடைப்பயிற்சி நல்லது. வேறு மருத்துவரிடம் போனால் பெருந்தமனி நோயைச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை இயன்றவரை தவிர்ப்பார்கள். முதல் ஆண்டில் சில முறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் எடுக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் ஒருமுறை பெருந்தமனியைப் பரிசோதித்துவிடுங்கள்.