கீரைக்காரியிடம் குறைத்த பத்து ரூபா

கேள்வி: மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, எங்கள் வீட்டில் நான்கு பேர். கிழமைக்கு ஒருதரம் சாமான் வாங்கப் போகிறேன். எவ்வளவு கொண்டுபோனாலும் காசு காணாது. சந்தையில் நான் நன்றாகப் பேரம் பேசுவேன். போன கிழமைகூடக் கீரைக்காரியிடம் பத்து ரூபா குறைத்துத்தான் வாங்கினேன். அப்படியிருந்தும் மாதக் கடைசியில் கடைக் கொப்பியில் கடன் நிற்கிறது. "உனக்குச் சிக்கனம் தெரியாது" என்கிறார் கணவர். இன்னும் இறுக்கிப் பேரம் பேச ஏதாவது வழி உண்டா? போன கிழமை பில்லையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, ஆரையம்பதி (மட்டக்களப்பு, இலங்கை)

பதில்: பேரத்துக்கு வழி சொல்ல மாட்டேன், தங்கச்சி. அந்தப் பத்து ரூபா, விடிய முன்னம் எழும்பிக் கீரை பிடுங்கி, கழுவிக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து, நிலத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கூலி. அதைக் குறைத்துக்கொண்ட கையோடு பக்கத்துக் கடைக்குள் போய், விலையைக்கூடப் பார்க்காமல் மூன்று பிஸ்கட் பக்கெட் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் காசு போவது நீங்கள் பேரம் பேசாத இடத்தில்.

உங்கள் பில்லை விரித்து வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் இருந்து நேரே வந்த பொருள் ஒரு பக்கம், ஆலையில் பக்கெட்டில் அடைத்து வந்த பொருள் மறுபக்கம். பக்கெட் பக்கம்தான் நீளம். பிஸ்கட், நூடில்ஸ், சோயா மீற், சூப் கட்டி, பெரிய போத்தல் சோடா, 50 கிராம் மிளகாய்த்தூள் நான்கு, 400 கிராம் பால்மா இரண்டு. ஒரே கடையில் ஒரே நாளில் 50 கிராம் பக்கெட் நான்கு ஏன்? 200 கிராம் பக்கெட்டின் விலையைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரேயொரு பழக்கம் போதும். எதை எடுத்தாலும் ஒரு கிலோ என்ன விலை வருகிறது என்று பாருங்கள். 50 கிராம் தூள் 100 ரூபா என்றால், நீங்கள் கிலோ 2000 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். அந்த எண் மனதில் விழுந்தால், செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் தனித்தனியே வாங்கி, வறுத்து, கிட்ட இருக்கிற அரைக்கும் மில்லில் கொடுத்தால் என்ன வருகிறது என்ற கேள்வி தானாக வரும். ஆனால் பெரிய பக்கெட் எப்போதும் மலிவு என்றும் நினைக்காதீர்கள். ஷாம்பு போன்ற சில சாமான்களில் சின்னப் பக்கெட்டே மலிவாக விழுவதுண்டு. பெரிய பக்கெட்டில் "விசேட சலுகை" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தாலும் வகுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பால்மாவுக்கும் இதே கணக்குத்தான். 400 கிராம் பால்மாவைக் கரைத்தால் ஏறக்குறைய மூன்று லீற்றர் பால் வரும். மட்டக்களப்பு மாவட்டத்தில் மாட்டுக்குக் குறைவில்லை. ஆரையம்பதியிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே பட்டிக்காரர் இருக்கிறார்கள். மூன்று லீற்றர் பசும்பால் என்ன விலை என்று அவர்களிடம் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பாலைக் குறைக்கச் சொல்லவில்லை. பெரியவர்கள் ஒரு நாளைக்கு மூன்று தரம் குடிக்கிற பால் தேநீரில் இரண்டைப் பிளேன்ரீ ஆக்கலாம் என்கிறேன்.

அடுத்தது அரிசி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய காசு இருப்பது இங்கேதான். நீங்கள் கிழமைக்குக் கிழமை கடையில் அரிசி வாங்குகிறீர்கள். வாவியைக் கடக்கிற மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு, ஆரையம்பதியில் இருப்பவருக்குக் கொக்கட்டிச்சோலை கைக்கெட்டும் தூரம். வாவிக்கு அந்தப் பக்கமான படுவான்கரை முழுக்க நெல். பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிகிற மாசி, பங்குனியில் விவசாயி நெல்லை வைத்துக்கொண்டு வாங்க ஆள் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதே நெல் வெளி மாவட்டத்து ஆலைக்குப் போய், பையில் அடைபட்டு, லொறி ஏறி நம்முடைய கடைக்கே திரும்பி வரும்போது, இடையில் கைமாறிய ஒவ்வொருவருடைய பங்கும் உங்கள் பில்லில் ஏறிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் 'நாடு' என்ற வகை நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலை கிலோ 120 ரூபா. அதற்குச் சற்று முன்னர், 2024 டிசம்பரில், அந்த வகை அரிசிக்கு வர்த்தமானியில் போட்ட உச்ச சில்லறை விலை 230 ரூபா. நூறு கிலோ நெல்லைக் குத்தினால் சுமாராக 65 கிலோ அரிசி கிடைக்கும். அப்படியானால் அரிசி கிலோ 185 ரூபாவுக்குள் அடங்குகிறது. அவிக்கிற செலவு, மில் கூலி, கொண்டுவருகிற கூலி எல்லாம் போட்டாலும் மிச்சம் இருக்கும். குறுணல் மாவுக்கு ஆகும், தவிடு கோழிக்கு ஆகும். இந்த ஆண்டு விலை வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

வாங்கும்போது ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடியுங்கள். படக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசிந்தால் ஈரம், காயவிட நிறை குறையும், வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈர நெல்லைக் காய்ந்த நெல்லின் விலைக்கு வாங்காதீர்கள். ஒரேயடியாகப் பன்னிரண்டாயிரம் ரூபாவுக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். அதற்கு லோன் எடுக்க வேண்டாம், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற லோன் அறவே வேண்டாம். அக்கம்பக்கத்து மூன்று வீடு சேர்ந்து ஒரு வண்டி பிடியுங்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்தும் வாங்கலாம். கிழக்கில் சீட்டுப் போடத் தெரியாத பெண் யார் இருக்கிறாள்?

மரக்கறியில் நீண்ட கதை இல்லை. கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் மலைநாட்டில் விளைந்து, பெரும்பாலும் தம்புள்ளை வழியாக நம்மிடம் வருகின்றன. லொறிக் கூலியும் வழியில் அழுகிப்போனதன் நட்டமும் விலையில் உண்டு. கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், பூசணி இங்கேயே களுதாவளைப் பக்கத்துத் தோட்டங்களில் விளைகின்றன. கிழமையில் நான்கு நாளைக்கு இவற்றைச் சமையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் எல்லாமே விலை ஏறும். 2024 நவம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் மழைக்கு முன்னமே முற்றின பூசணிக்காயும் கருவாடும் புளியும் வீட்டில் இருக்கட்டும். கருவாட்டைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கடல் அமைதியாக இருக்கும்போது கரைவலையில் சூடையும் கீரியும் நெத்தலியும் அள்ளுண்டு வருகிற நாள் உண்டு. அன்றைக்குக் கரைக்குப் போனால் டின்மீன் விலைக்கு எத்தனையோ மடங்கு மீன் கிடைக்கும். உப்புப் போட்டு இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது கொப்பிக்கு வருவோம். கொப்பிக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரடங்குக் காலத்திலும் 2022 பொருளாதார நெருக்கடியிலும் அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்திராது. ஆனால் கொப்பியில் வாங்குகிறவருக்கு வாய் இல்லை. "என்ன அண்ணே, விலை கூடவா இருக்கு" என்று கேட்க முடியாது, அடுத்த கடைக்குப் போக முடியாது, பக்கெட்டில் அச்சிட்ட விலையைக் காட்டிக் கதைக்க முடியாது. கையில் காசில்லாதபடியால் தேவைக்கு மேலே நாலு சாமானும் சேர்ந்து வரும். ஒரேயடியாக அடைக்க ஏலாது, தெரியும். இந்தக் கிழமை அரிசியும் பருப்பும் மட்டும் காசுக்கு வாங்குங்கள், மற்றது கொப்பியில் இருக்கட்டும். அடுத்த மாதம் எண்ணெயும் சீனியும் காசுக்கு. பழைய கடனில் கிழமைக்கு ஒரு தொகை, சின்னதாக இருந்தாலும் தவறாமல் கொடுங்கள். கடைக்காரருக்கும் அது நிம்மதி.

காசு கொடுத்து வாங்கும்போது உங்களுக்கு உரிமையும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடையில் விலைப்பட்டியல் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பக்கெட்டில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் ஒரு ரூபாகூட வாங்கக் கூடாது. "குளிரூட்டின செலவு" என்று சோடாவுக்குக் கூடக் கேட்டால் கொடுக்க வேண்டாம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இறுக்கமாகக் கதைக்க வேண்டுமா, இங்கே கதையுங்கள். கீரை விற்கிற அம்மாவை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

தம்பி, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரே வருடத்தில் சாப்பாட்டுச் சாமானின் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். விலை ஏறுகிற வேகம்தான் குறைந்தது; ஏறின விலை அநேகமாக ஏறின இடத்திலேயே நிற்கிறது. உங்கள் சம்பளம் இரண்டு மடங்கு ஆனதா? ஆகாத காசை வைத்துக்கொண்டு நாலு பேருக்கும் மூன்று நேரமும் சமைத்துப் போடுகிறவரைப் பார்த்துச் சிக்கனம் தெரியாது என்று சொல்வது அநியாயம். உங்கள் சிகரெட்டும் ஃபோன் ரீலோடும் சந்திக் கடைத் தேநீரும் எந்தப் பில்லிலும் இல்லை. அவற்றையும் ஒரு மாதம் எழுதி, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். அப்புறம் வருகிற கிழமை சாமான் வாங்க நீங்கள் போங்கள். அதே பட்டியல், அதே காசு. மூத்த பிள்ளைக்குப் பிரித்தல் கணக்குத் தெரியும் வயதென்றால் கூடவே கூட்டிப் போங்கள். கிலோ விலையை அந்தப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.